கம்பத்தில் ‘அனுப்பியாச்சு’, குமுளியில் ‘கிட்டியில்ல’: வழி மாறும் மின்னஞ்சலைத் தேடிப் பிடிப்பது

நீங்கள் எழுதியிருப்பதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் தலைமை அலுவலகமும் குமுளியில் கிளையும் உள்ள ஓர் ஏலக்காய் வணிக நிறுவனத்தின் கணினிகளை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். கம்பம் அலுவலக மாடியில் உபுண்டு இயங்குதளம், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைத் திறந்து காட்டும் டவ்காட் ஆகியவற்றைக் கொண்டு ஓடிய மின்னஞ்சல் சர்வரை விட்டுவிட்டு, எல்லாருடைய அஞ்சல் பெட்டிகளையும் வெளியே வாடகைக்கு எடுத்த சேவை ஒன்றுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் மாற்றினீர்கள். பில்லிங் மென்பொருள் மட்டும் பழைய சர்வரிலேயே ஓடுகிறது. வியாபாரிகளும் வங்கியும் அனுப்பும் மெயில்கள் ஒழுங்காக வருகின்றன. ஆனால் பில்லிங் மென்பொருள் குமுளிக் கிளைக்கு அனுப்பும் பில்கள் வருவதில்லை. கம்பத்தில் ‘அனுப்பியாச்சு’ என்கிறார்கள், குமுளியில் இருப்பவர் ‘கிட்டியில்ல சேட்டா’ என்கிறார், திரும்பி வந்த மெயில் என்று ஒன்றும் இல்லை. இதோடு, கணக்குப் பிரிவின் பொது முகவரிக்கு மென்பொருள் அனுப்பியவை, வேலையை விட்டுப் போன பழைய கணக்காளரின் பெட்டியில் விழுந்து கிடந்ததைத் தற்செயலாகக் கண்டிருக்கிறீர்கள்.

காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: பெட்டிகள் இடம் மாறிய செய்தியைப் பழைய சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் டொமைனுக்கு, அதாவது முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயருக்கு, தானே வீட்டுக்காரன் என்று அது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. பில்லிங் மென்பொருள் கையில் கொடுக்கும் மெயிலை வாசலுக்கு வெளியே எடுத்துச் செல்லாமல், தன் வட்டில் உள்ள பழைய பெட்டியிலேயே போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று பதிவேட்டில் எழுதிவைக்கிறது. அதன் கணக்கில் பிழை எதுவும் நடக்கவில்லை. ஆகவே எச்சரிக்கையும் வராது, திரும்பி வரும் மெயிலும் இருக்காது. தொலைந்த மெயிலைத் தேடுகிறவர்கள் பதிவேட்டில் பிழைச்செய்தியைத் தேடிப் பழகியிருப்பார்கள். வழி மாறிய மெயிலுக்கு அந்தப் பழக்கம் உதவாது. ‘சென்ட்’ என்று நல்லபடியாக முடிந்திருக்கும் வரியைத்தான் சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

என் ஊகத்தை நம்பி உடனே எதையும் மாற்றிவிட வேண்டாம். முதலில் சர்வரையே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அதற்கு உறைக்கும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கம்பத்துக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் சி, யூ என்று தொடங்கும் பழைய எழுத்துக்கூட்டலில் எழுதினால், பெரிய ஏரிக்குப் பேர்போன ஆந்திரத்துக் கம்பத்துக்கும் அதே எழுத்துக்கூட்டல்தான். 1972-இல் வந்த பின்கோடுதான் இரண்டையும் பிரிக்கிறது. உறையில் 5-இல் தொடங்கும் எண் இருந்தால் கடிதம் அங்கே போகும், 6-இல் தொடங்கினால் இந்தப் பக்கம் வரும். உறைக்குள் இருக்கும் தாளில் ‘தேனி மாவட்டம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் தபால்காரர் அதைப் பிரித்துப் படிக்கப் போவதில்லை.

மின்னஞ்சலுக்கும் இப்படி ஓர் உறை உண்டு. 1982-இல் வெளியான எஸ்எம்டிபி நெறிமுறை முதல் இன்றுவரை, ஒரு சர்வர் இன்னொன்றிடம் ‘ஆர்சிபிடி டூ’ என்ற கட்டளையில் சொல்லும் முகவரிதான் உறைமேல் முகவரி. நாம் திரையில் பார்க்கும் ‘டூ’ என்ற வரி உள்ளே இருக்கும் தாளில் எழுதியது. அந்த வரியைப் பார்த்து எந்தச் சர்வரும் விநியோகம் செய்வதில்லை. பிசிசி-யில் சேர்த்தவரின் பெயர் எங்கும் தெரியாமலே அவருக்கு மெயில் போய்ச் சேர்வதும் இதனால்தான். உங்கள் கடிதத்தில் ‘டூ-வில் கணக்கு என்றுதானே இருக்கிறது, பிறகு எப்படி அவர் பெட்டிக்குப் போனது’ என்று கேட்டிருந்தீர்கள். வழியில் ஏதோ ஓர் அட்டவணை உறைமேல் முகவரியை அடித்துத் திருத்தியிருக்கிறது. உள்ளே உள்ள தாளை அது தொடவில்லை.

திருத்தத்தின் தடயம் மெயிலின் தலைப்பகுதியில் கிடைக்கும். பழைய கணக்காளரின் பெட்டியில் விழுந்த ஒரு மெயிலை எடுத்து, ‘மூலத்தைக் காட்டு’ என்பது போன்ற தெரிவைச் சொடுக்குங்கள். ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே ஒட்டிக்கொண்டே போகிறது. வெளியூரிலிருந்து வந்த மெயிலில் இப்படி மூன்று, நான்கு முத்திரைகள் இருக்கும். உங்கள் பில்லில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அது மாடியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. அடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் தானே பெட்டியில் போடும்போது சேர்க்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். ‘எக்ஸ்-ஒரிஜினல்-டூ’ என்பது உறைமேல் முதலில் இருந்த முகவரி, ‘டெலிவர்ட்-டூ’ என்பது கடைசியில் போய் விழுந்த முகவரி. இரண்டும் வேறுபட்டால், ஒரு முகவரிக்கு வருவதை இன்னொன்றுக்குத் திருப்பும் மாற்றுப்பெயர் ஒன்று இடையில் வேலை செய்திருக்கிறது.

இனிப் பதிவேடு. பில்லிங் மென்பொருளில் குமுளி முகவரிக்கு ஒரு சோதனை பில்லை அனுப்பிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, உபுண்டுவில் ‘வார்’ அடைவுக்குள் ‘லாக்’ அடைவில் உள்ள ‘மெயில்.லாக்’ கோப்பைத் திறவுங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு வரிசை எண் கொடுக்கும். எண்ணும் எழுத்தும் கலந்த பத்துப் பன்னிரண்டு குறிகள். அந்த எண்ணை ‘கிரெப்’ கட்டளையால் கோப்பில் தேடினால் ஒரு மெயிலின் வாழ்க்கை நான்கைந்து வரிகளில் வந்துவிடும். ‘பிக்கப்’ என்ற முதல் வரியில் ‘யுஐடி 33’ என்றிருந்தால், உபுண்டுவில் அது வலைச் சர்வருக்கு உரிய பயனர் எண், ஆகவே மெயிலைக் கொடுத்தது உங்கள் பில்லிங் மென்பொருளே. ‘கிளீனப்’ வரியில் மெசேஜ் ஐடி இருக்கும். ‘க்யூஎம்ஜிஆர்’ (க்யூ மேனேஜர்) வரியில் அனுப்புநரும் அளவும் இருக்கும்.

அதற்கடுத்த வரியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘டூ’ என்பதற்கு எதிரே கடைசி முகவரி, மாற்றம் நடந்திருந்தால் பக்கத்திலேயே ‘ஒரிக்_டூ’ என்று பழைய முகவரி, பிறகு மெயில் யாரிடம் கைமாறியது என்று சொல்லும் ‘ரிலே’. இந்த ‘ரிலே’ என்பதற்கு எதிரே புதிய சேவையின் சர்வர் பெயரும் ஐபி எண்ணும் 25 என்ற போர்ட்டும் இருந்தால் மெயில் வெளியே போயிருக்கிறது. ‘லோக்கல்’ அல்லது ‘விர்ச்சுவல்’ என்றோ, டவ்காட் மெயிலை வாங்கிக்கொள்ளும் உள்வாசலான எல்எம்டிபி சாக்கெட்டின் பெயரோ இருந்தால் வீட்டுக்குள்ளேயே போடப்பட்டிருக்கிறது. வரியின் முடிவில் ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’ என்றும், அடைப்புக்குறிக்குள் ‘டெலிவர்ட் டு மெயில்டிர்’ என்பது போலவும் இருக்கும். கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே இரண்டு மாதமாக நடந்த வழக்குக்குத் தீர்ப்பு இந்த ஒரு வரியில் இருக்கிறது: அனுப்பியதும் உண்மை, கிட்டாததும் உண்மை.

‘லோக்கல்’ என்றிருந்தால், ‘போஸ்ட்கான்ஃப்’ கட்டளையோடு ‘மைடெஸ்டினேஷன்’ என்ற அமைப்பின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்த டொமைன்களுக்கு வரும் மெயிலைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் பட்டியல் அது. இதில் பலரும் ஏமாறுகிறார்கள். அமைப்புக் கோப்பில் தம் டொமைன் பெயரைத் தேடுவார்கள், கிடைக்காது, ‘பட்டியலில் இல்லையே’ என்று வேறு பக்கம் போய்விடுவார்கள். பெயர் நேராக எழுதப்படாமல் டாலர் குறியோடு ‘மைடொமைன்’ என்ற மாறியாக அங்கே உட்கார்ந்திருக்கும். அல்லது சர்வரின் சொந்தப் பெயரான ‘மைஹோஸ்ட்நேம்’ என்பதற்கே, முன்னால் ‘மெயில்’ போன்ற சொல் ஒன்றும் சேர்க்காமல், வெறும் டொமைன் பெயரைக் கொடுத்திருப்பார்கள். ‘மைஹோஸ்ட்நேம்’ பட்டியலில் இயல்பாகவே இருப்பதால் அதன் வழியாக முழு டொமைனும் உள்ளே வந்துவிடும். ஆகவே ‘போஸ்ட்கான்ஃப்’ கட்டளையோடு ஹைஃபன் எக்ஸ் சேர்த்துக் கொடுங்கள். மாறிகளை எல்லாம் விரித்து உண்மைப் பெயர்களைக் காட்டும். அதே முறையில் ‘விர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸ்’, ‘விர்ச்சுவல்_அலையஸ்_டொமைன்ஸ்’ ஆகிய இரண்டையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மூன்றில் எதில் டொமைன் இருந்தாலும் விளைவு இதே வகைதான். ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் இருந்தால், இரண்டு இடத்திலும் எழுதாதே என்று பதிவேட்டிலேயே போஸ்ட்ஃபிக்ஸ் கடிந்துகொண்டிருக்கும்.

‘எம்எக்ஸ் பதிவைத்தான் புதிய சேவைக்கு மாற்றிவிட்டோமே’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கும் இங்கேதான் பதில். எம்எக்ஸ் என்பது வெளியாருக்கு நீங்கள் வைக்கும் வழிகாட்டிப் பலகை. 1986-இல் அதற்கான விதி வகுத்த நாள் முதல் அதன் வேலை அதுவே. லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறுகிறவருக்குக் குமுளிக்குப் போகும் பலகை தேவை. ஏற்கெனவே வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைப்பவர் பலகையைப் பார்க்க வெளியே வருவதில்லை. டொமைன் தன்னுடையது என்று முடிவு செய்த சர்வர், அந்தப் பலகை இருக்கும் டி.என்.எஸ். என்ற இணையப் பெயரேட்டின் பக்கம் திரும்புவதே கிடையாது. வெளியார் மெயில்கள் சரியாக வருவதும் உங்கள் சொந்தப் பில்கள் மட்டும் வராததும் இந்த வேறுபாட்டால்தான்.

சரிசெய்வது சிறிய வேலை: அந்தப் பட்டியலிலிருந்து டொமைனை எடுத்துவிட வேண்டும். சர்வரின் பெயரை ‘பில்’ என்றோ வேறு எதுவோ ஒரு முன்சொல் சேர்த்து மாற்றி, ‘மைடெஸ்டினேஷன்’ பட்டியலில் சர்வர் பெயரையும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பதையும் மட்டும் விட்டுவைத்து, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு செய்தால் போதும். ஆனால் இந்தச் சிறிய மாற்றத்துக்கு வால்கள் பல உண்டு. அவற்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளாவிட்டால், இன்று தவறான பெட்டியிலாவது கிடைக்கும் மெயில் நாளை எங்குமே கிடைக்காமல் போகும்.

முதலாவது, மாற்றுவதற்கு முன் ‘சாஃப்ட்_பவுன்ஸ்’ என்ற அமைப்பை ‘எஸ்’ என்று வையுங்கள். அது இருக்கும்வரை போஸ்ட்ஃபிக்ஸ் எந்த மெயிலையும் நிரந்தரமாக நிராகரிக்காமல் வரிசையில் நிறுத்திவைக்கும். வழக்கமான அமைப்பில் ஐந்து நாள்வரை மீண்டும் மீண்டும் முயலும். உங்கள் மாற்றத்தில் தவறு இருந்து பில்கள் மறுக்கப்பட்டாலும் அவை கையை விட்டுப் போகா. தவறைத் திருத்திய பின் ‘போஸ்ட்சூப்பர்’ கட்டளையில் ஹைஃபன் ஆர் கொடுத்து ‘ஆல்’ என்றால், நின்றவை எல்லாம் புதிய விதிப்படி மறுபடியும் முகவரி பார்த்துப் புறப்படும். வேலை முடிந்ததும் அதை ‘நோ’ என்று திருப்பிவிட மறக்கக் கூடாது. நான் ஒருமுறை மறந்து, இல்லாத முகவரிகளுக்கு அனுப்பியவற்றுக்கெல்லாம் ஐந்து நாள் கழித்தே பதில் வருகிறதே என்று பலர் கேட்கக் காரணமாக இருந்திருக்கிறேன்.

இரண்டாவது, அந்தச் சர்வரில் உட்கார்ந்தே ‘டிக்’ கட்டளையால் உங்கள் டொமைனின் எம்எக்ஸைக் கேளுங்கள். உங்கள் மேசைக் கணினி காட்டும் விடையும் சர்வர் பெறும் விடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அலுவலகத்துக்கென்று உள்ளே ஒரு டி.என்.எஸ். சர்வர் வைத்திருந்தால், அதில் பழைய பதிவு அப்படியே கிடக்கலாம். அப்படிக் கிடந்தால், மெயில் தன்னிடமே சுற்றி வருகிறது என்ற செய்தியோடு வரிசையில் தேங்கும்.

மூன்றாவதுதான் பெரிது. இதுவரை மாடியை விட்டு இறங்காத பில்கள் இனி இணையம் வழியாகப் புதிய சேவையின் வாசலில் போய் நிற்கும். அங்கே காவலாளி ‘நீ யார்’ என்று கேட்பார். உங்கள் டொமைனின் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு உரிமை என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய சேவை மட்டுமே இருக்கும். மாடிச் சர்வரின் ஐபி இருக்காது. அப்போது பில் ஸ்பேமில் விழும் அல்லது மறுக்கப்படும், குமுளியிலிருந்து மறுபடியும் ‘கிட்டியில்ல’ வரும். இதற்கென்று இரண்டாவதாக ஓர் எஸ்பிஎஃப் பதிவைச் சேர்த்துவிடாதீர்கள்; ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அலுவலகத்துக்கு நிலையான ஐபி இருந்தால் அதை இருக்கும் பதிவுக்குள்ளேயே சேர்க்கலாம். ஆனால் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் 25-ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருக்கும், ஐபியும் அடிக்கடி மாறும். உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த வம்பே வேண்டாம் என்று, பில்லிங்குக்கென்று புதிய சேவையில் ஒரு கணக்கை உருவாக்கி, போஸ்ட்ஃபிக்ஸின் ‘ரிலேஹோஸ்ட்’ அமைப்பில் அந்தச் சேவையின் அனுப்பும் சர்வரையும் 587 என்ற போர்ட்டையும் கொடுத்து, பயனர்பெயர், கடவுச்சொல்லோடு அனுப்பச் செய்வேன். சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கும் எம்எக்ஸ் தேடிக்கொண்டு போஸ்ட்ஃபிக்ஸ் வேறெங்காவது போகும்.

நான்காவது ஒரு சின்ன வால்: உபுண்டு இரவில் தானாகச் செய்யும் வேலைகளின் அறிக்கை ‘ரூட்’ என்ற பயனருக்குப் போகும். ‘மைஆரிஜின்’ என்ற அமைப்பில் உங்கள் டொமைன் இருந்தால், இனி அந்த அறிக்கை ‘ரூட்’ பெயரோடு உங்கள் டொமைனையும் ஒட்டிக்கொண்டு வெளிச் சேவைக்குப் போய், அப்படி யாரும் இல்லை என்று திரும்பும். ‘மைஆரிஜின்’ என்பதைச் சர்வரின் புதிய பெயருக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இனி உங்கள் இரண்டாவது சிக்கல். மேலே சொன்ன மாற்றத்தைச் செய்தால் கணக்குப் பிரிவின் மெயிலும் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆகலாம், ஆகாமலும் போகலாம். மாற்றுப்பெயர் எந்த அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘எட்க்’ அடைவில் உள்ள ‘அலையசஸ்’ கோப்பு, சர்வர் தன் வீட்டுக்குள் போடும் மெயிலுக்கு மட்டுமே பொருந்தும். டொமைனை வெளியே தள்ளிவிட்டால் அந்தக் கோப்பில் உள்ள பழைய வரி செத்துப்போகும். ஆனால் ‘விர்ச்சுவல்_அலையஸ்_மேப்ஸ்’ என்ற அட்டவணை அப்படியல்ல. மெயில் எங்கே போவதாக இருந்தாலும், வெளியே போவதாகவே இருந்தாலும், வரிசைக்குள் நுழையும்போதே உறைமேல் முகவரியை அது மாற்றிவிடும். கணக்குப் பிரிவு முகவரி பழைய கணக்காளருக்கு என்று அங்கே ஒரு வரி இருந்தால், பில் குமுளி மலையைத் தாண்டிப் போனாலும் அவர் பெயரைத்தான் தேடிப் போகும்.

‘அலையசஸ் கோப்பில் போன மாதமே பெயரை மாற்றிவிட்டேன், இருந்தும் பழையபடிதான்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோப்பில் எழுதினால் மட்டும் போதாது. போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது அந்த எழுத்துக் கோப்பை அல்ல, அதிலிருந்து தயாரித்த, டிபி என்ற பின்னொட்டு உள்ள இன்னொரு கோப்பை. ‘நியூஅலையசஸ்’ கட்டளையைக் கொடுத்தால்தான் அது புதுப்பிக்கப்படும். விர்ச்சுவல் அட்டவணைக்கு அதே வேலையைச் செய்வது ‘போஸ்ட்மேப்’. இரண்டு கோப்புகளின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், டிபி கோப்பு பழையதாக இருந்தால் இதுதான் கதை. அட்டவணையை நேரடியாகவே கேள்வி கேட்கவும் வழி உண்டு: ‘போஸ்ட்மேப்’ கட்டளையோடு ஹைஃபன் க்யூ சேர்த்து, கணக்குப் பிரிவின் முழு முகவரியையும் அட்டவணையின் பெயரையும் கொடுத்தால், போஸ்ட்ஃபிக்ஸுக்குக் கிடைக்கும் விடையே உங்களுக்கும் கிடைக்கும். ‘அலையசஸ்’ கோப்பின் டிபியைக் கேட்கும்போது மட்டும் முகவரியில் டொமைனை விட்டு முன்பாதியை மட்டும் கொடுங்கள். அந்தக் கோப்பு முன்பாதிகளை மட்டுமே அறியும்.

விர்ச்சுவல் அட்டவணையில் முன்பாதி எதுவும் இல்லாமல், அட் குறியில் தொடங்கி டொமைன் மட்டும் உள்ள வரி ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் தெரியாத எதுவாக இருந்தாலும் இந்தப் பெட்டியில் போடு என்பது அதன் பொருள், கேட்ச்-ஆல் என்பார்கள். இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். பொள்ளாச்சியைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருந்த ஒரு சிறு தென்னைநார் ஆலைக்குச் சர்வர் அமைத்துக் கொடுத்தபோது, முகவரியைத் தவறாக எழுதும் வாடிக்கையாளர்களின் மெயிலும் வீணாகக் கூடாது என்று முதலாளி கேட்டார். அந்த வரியைச் சேர்த்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஆலையில் பன்னிரண்டு பேருக்கும் ஒரு மெயிலும் இல்லை. முதலாளியின் பெட்டி மட்டும் நிரம்பி வழிந்தது. எல்லாருக்கும் பெட்டி இருக்கும்போது எப்படி என்று அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது: மாற்றுப்பெயர் அட்டவணையைப் பார்ப்பது முதலில், பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது அதற்குப் பிறகு. அட்டவணையில் முழு முகவரி கிடைக்காவிட்டால் அடுத்து டொமைன் வரியைத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு பேரின் முகவரிகளும் அதில் இல்லாததால் எல்லாம் முதலாளிக்குப் போயின. ஒவ்வொருவரின் முகவரியும் அதே முகவரிக்கு என்று பன்னிரண்டு வரிகளைச் சேர்த்ததும் சரியானது. இணையப் பக்கத்தின் வழியாகப் பெட்டிகளை நிர்வகிக்கும் சில மென்பொருள்கள் இத்தகைய வரிகளைத் தாமே எழுதிவைக்கும். தனக்குத்தானே என்று ஒரு வரி எதற்கு என நினைத்து அவற்றை அழித்துவிடாதீர்கள்.

பெயர்க் குழப்பத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கம்பத்தைக் கே-யில் தொடங்கியும் சி-யில் தொடங்கியும் எழுதுகிறார்கள். தமிழ்ப் பெயருக்கு முதலெழுத்தை முன்னால் வைப்பவரும் பின்னால் வைப்பவரும் ஒரே அலுவலகத்தில் இருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பில்லிங் மென்பொருளின் முகவரிப் பட்டியலில் ஒருவர் மற்றவராகிவிடுவது எளிது. அவுட்லுக் போன்றவை முன்பு அனுப்பிய பழைய முகவரியைத் தாமே நிரப்பிக் கொடுப்பதும் இதோடு சேரும். இவற்றைப் பதிவேடு ஒரே வரியில் காட்டிவிடும் என்பதால் நீட்டவில்லை.

வெளியார் மெயில் எல்லாமே வருகிறது என்பதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். வந்தவை உங்கள் கண்ணில் படும், வராதவை படா. குறிப்பாக, உங்கள் நிறுவனத்தின் வலைத்தளம் ஏதாவது ஒரு பகிர்வு ஹோஸ்டிங்கில் இருந்தால், அந்த ஹோஸ்டிங் சர்வரும் உங்கள் டொமைனைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது வலைத்தளத்தின் தொடர்பு படிவத்திலிருந்து வருவதும், அதே சர்வரில் தளம் வைத்திருக்கும் வேறு நிறுவனங்கள் அனுப்புவதும் அங்கேயே ஒரு பெட்டியில் விழுந்துவிடும். ஒரே ஒரு வாடிக்கையாளரின் மெயில் மட்டும் வருவதேயில்லை என்ற புகாருக்குப் பின்னால் நான் சிலமுறை கண்ட காரணம் இது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் மென்பொருள் சிபேனல் என்றால் ‘ஈமெயில் ரூட்டிங்’ என்ற பக்கத்தில் ‘லோக்கல்’ என்றிருப்பதை ‘ரிமோட்’ என்று மாற்றினால் போதும். அங்கே போஸ்ட்ஃபிக்ஸின் இடத்தில் ஓடும் மெயில் மென்பொருள் எக்ஸிம். சர்வருக்குள் நுழைய முடிகிறவர்கள் ‘எக்ஸிம்’ கட்டளையோடு ஹைஃபன் பிடி சேர்த்து முகவரியைக் கொடுத்தால், எந்த வழியாக அனுப்பும் என்று எதையும் அனுப்பாமலே சொல்லிவிடும்.

இன்னொன்று: பழைய கணக்காளரின் பெட்டியையும் கணக்குப் பிரிவின் பெட்டியையும் புதிய சேவையில் திறந்து, ஃபார்வர்டு விதிகளையும் வடிகட்டிகளையும் பாருங்கள். பழைய சர்வரில் என்றால் டவ்காட்டின் சீவ் கோப்பில் அவை இருக்கும். யாரும் வைத்ததாக நினைவில்லாத வெளி முகவரி ஒன்றுக்கு நகல் போய்க்கொண்டிருந்தால், அதை அமைப்புப் பிழையாகக் கருதாதீர்கள். கடவுச்சொல்லைத் திருடியவர்கள் முதலில் செய்வது இப்படி ஒரு விதியைப் போட்டு, பில்களைப் படித்து, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிய போலி பில்லை வியாபாரிக்கு அனுப்புவதுதான். ஏலத்தில் எடுத்த சரக்குக்குப் பணம் கைமாறும் தொழிலில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. விதியை அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லை மாற்றி, உள்ளே நுழைந்திருக்கும் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள்.

பழைய பெட்டிகளில் இரண்டு மாதமாகச் சேர்ந்து கிடப்பவற்றை ஒவ்வொன்றாக ஃபார்வர்டு செய்ய வேண்டாம். அனுப்புநரும் தேதியும் மாறிவிடும், கணக்குப் பிரிவு குழம்பும். பெட்டிகளைப் படிக்கும் நெறிமுறையான ஐமேப் வழியாகப் பெட்டிக்குப் பெட்டி நகலெடுக்கும் ‘ஐமேப்சிங்க்’ போன்ற கருவியைக் கொண்டு புதிய சேவைக்குக் கொண்டுபோனால், தேதி மாறாமல், ஏற்கெனவே இருப்பவை இரட்டிக்காமல் போய்ச் சேரும். டொமைனைப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு இதைச் செய்யுங்கள். முன்பே செய்தால், நகலெடுத்து முடிக்கும் நேரத்துக்குள் இன்னும் நான்கு பில்கள் உள்ளே விழுந்திருக்கும்.

எல்லாம் முடிந்ததும், ‘சென்ட்மெயில்’ கட்டளையோடு ஹைஃபன் பிவி சேர்த்துக் குமுளி முகவரியைக் கொடுங்கள். உண்மையில் எதையும் அனுப்பாமல், இப்போது அனுப்பினால் எங்கே போகும் என்ற அறிக்கையைப் போஸ்ட்ஃபிக்ஸ் உங்களுக்கு மெயிலாகத் தரும். அதில் ரிலேயாகப் புதிய சேவையின் பெயர் இருந்தால், ஒரு சோதனை பில்லை அனுப்பிவிட்டுக் குமுளிக்குத் தொலைபேசியில் கேளுங்கள். அங்கிருந்து ‘கிட்டி’ என்று பதில் வந்த பிறகும் பழைய பெட்டிகளை ஒரு மாதம் மூடாமல் வைத்து, வாரம் ஒருமுறை அவற்றில் புதிதாக ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரமோ, மாத முடிவில் மட்டும் ஓடும் ஸ்டாக் அறிக்கையோ, டொமைன் இல்லாத வெறும் பயனர்பெயரையே பெறுநராகத் தன் அமைப்பில் எழுதிவைத்துக்கொண்டு, பழைய சர்வர் வழியாக அனுப்பும் ஒன்று இன்னும் மிச்சம் இருந்தால், அது அந்தப் பெட்டியில்தான் வந்து விழும்.